ஒரு சப்பாத்தி, ஒரு ஸ்பூன் யூரியா!

ஹாஸ்டல் மெஸ்ஸில் சப்பாத்தி போடுகிற ராத்திரி எப்படி இருக்கும் என்று ஹாஸ்டல்வாசிகளுக்குச் சொல்லத் தேவையில்லை. ஏழு மணிக்கே க்யூ. குருமாவுக்குள் உருளைக்கிழங்கைத் தேடும் படலம். 'அண்ணே, இன்னும் ரெண்டு' என்று தட்டை நீட்டினால், 'இப்பத்தானே நாலு வாங்கிட்டுப் போன?' என்று மாஸ்டர் முறைப்பார். அப்படிப் போராடி வாங்கிய சப்பாத்தியில் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா? பயப்படாதீங்க பாஸ், எட்டாம் வகுப்புக் கணக்குதான்.

ஒரு சப்பாத்திக்கு 30 கிராம் மாவு. கோதுமையில் சுமாராக 12 சதவீதம் புரதம். ஆக, 3.6 கிராம் புரதம். புரதம் என்றால் அதற்குள் நைட்ரஜன் இருந்தே ஆக வேண்டும். கோதுமைப் புரதத்தை 5.7-ஆல் வகுத்தால் நைட்ரஜன் அளவு வந்துவிடும் என்பது லேப் ஃபார்முலா. வகுத்தால் 0.63 கிராம். இது முழுக்க யூரியாவிலிருந்து வந்தது என்று வைத்துக்கொள்வோம் (நிஜத்தில் ஒரு பங்கை மண்ணே கொடுக்கும்). யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். அப்படிப் பார்த்தால் 1.4 கிராம் யூரியா போதும், இல்லையா?

போதாது! உலகம் முழுக்கத் தானியப் பயிர்களுக்குப் போடுகிற நைட்ரஜனில் 33 சதவீதம்தான் தானியத்துக்குள் போய்ச் சேர்கிறது என்று 1999-ல் ஓக்லஹாமா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ரானும் ஜான்சனும் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். நாட்டுக்கு நாடு, வயலுக்கு வயல் இந்த நம்பர் மாறும். ஆனால் அந்த சராசரியை வைத்துப் பார்த்தால், உங்கள் ஒரு சப்பாத்திக்காக வயலில் விழுந்த யூரியா கிட்டத்தட்ட 4 கிராம். ஒரு டீஸ்பூன்! அதில் உங்கள் தட்டுக்கு வந்தது மூன்றில் ஒரு பங்கு. மிச்சம் எங்கே போச்சு?

கொஞ்சம் வைக்கோலில் இருக்கும். கொஞ்சம் மண்ணிலேயே தங்கி அடுத்த பயிருக்குக் கிடைக்கும். இதெல்லாம் நஷ்டக் கணக்கில் வராது. நஷ்டம் என்பது மற்றதுதான். யூரியா மண்ணில் கரைந்து அம்மோனியமாக மாறும்போது ஒரு பகுதி அம்மோனியா வாயுவாகக் கிளம்பிவிடும். அம்மோனியத்தை மண்ணில் இருக்கும் பாக்டீரியா நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் தண்ணீர் போகிற வழியிலேயே போகும். மண் அதைப் பிடித்து வைக்காது. கிணற்றுக்கும் போர்வெல்லுக்கும் இறங்கிவிடும். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டு அளவுகோல். இன்னொரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடாக மேலே போகும். நூறு வருஷக் கணக்கில் பார்த்தால், இது ஒரு கிலோ கிளம்பினால் 273 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமாக பூமியைச் சூடேற்றும். ஆக, அந்த ஸ்பூன் யூரியாவில் நம் வயிற்றுக்கு வராதது சும்மா இருப்பதில்லை.

சரி, இதற்கும் கோதுமை ரகத்துக்கும் என்ன சம்பந்தம்?

மைலேஜ் மேட்டர்!

சம்பந்தம் இருக்கிறது. ஒரே பெட்ரோல் பங்கில் ஒரே அளவு பெட்ரோல் போட்டாலும் உங்கள் பைக் ஓடுகிற தூரமும் நண்பனின் பைக் ஓடுகிற தூரமும் ஒன்றா? பயிரிலும் அப்படித்தான். ஒரே வயல், ஒரே தண்ணீர், ஒரே உரம். ஆனால் ஒரு ரகம் ஒரு கிலோ தழைச்சத்தை வைத்து இருபது கிலோ கோதுமை கொடுத்தால், இன்னொன்று அதைவிட நாலு கிலோ கூடவோ குறையவோ கொடுக்கும். இந்த மைலேஜுக்குத்தான் 'நைட்ரஜன் பயன்பாட்டுத் திறன்' என்று பெயர். பெயரைப் பார்த்தால் செமஸ்டர் கொஸ்டின் மாதிரி இருக்கிறது, விஷயம் சிம்பிள்தான்.

அமெரிக்காவின் வடக்கு கரோலினாவில் மக்காச்சோளத்தை ஆராய்ந்த மூன்று பேர் 1982-ல் இந்த மைலேஜை இரண்டாகப் பிரித்தார்கள். ஒன்று, மண்ணில் கிடைக்கிற நைட்ரஜனில் எவ்வளவை வேர் உறிஞ்சுகிறது? அதாவது, பங்கில் ஊற்றுகிற பெட்ரோலில் எவ்வளவு டேங்குக்குள் போகிறது, எவ்வளவு வெளியே சிந்துகிறது? இரண்டு, உறிஞ்சியதை வைத்துச் செடி எவ்வளவு மணி கட்டுகிறது? டேங்கில் இருப்பதை வைத்து எத்தனை கிலோமீட்டர்? முதலாவதைப் பெருக்கு இரண்டாவது, மைலேஜ் ரெடி. ஒரு ரகம் முதலாவதில் கில்லாடியாக இருக்கும், இன்னொன்று இரண்டாவதில். இரண்டிலும் சொதப்புகிற ரகமும் உண்டு.

இதை அளப்பது மட்டும் லேசுப்பட்ட வேலை இல்லை. செடியை வேரோடு பிடுங்கி, காய வைத்து, அரைத்து, கந்தக அமிலத்தில் வேக வைத்து நைட்ரஜனைக் கண்டுபிடிக்க வேண்டும். கெமிஸ்ட்ரி மாணவர்களுக்குப் புரிந்திருக்கும்... ஆமாம், அதே கெல்டால் மெத்தட்! கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் கம்பெனி லேபில் வேலை பார்த்த யோஹான் கெல்டால் 1883-ல் கண்டுபிடித்தது. பீருக்கான பார்லியில் புரதம் எவ்வளவு என்று பார்க்கக் கண்டுபிடித்த முறையில்தான் இன்றைக்கும் கோதுமையின் மைலேஜ் பார்க்கிறார்கள். நூறு ரகம், நாலு உர அளவு, மூன்று தடவை ரிப்பீட் என்றால் 1,200 சாம்பிள். எத்தனை ஆய்வு மாணவர்கள் இதில் கண் சிவந்திருப்பார்களோ!

நெட்டையன் சாய்ந்த கதை

ரகங்களின் கதை தெரிய வேண்டுமானால் மெக்சிகோவுக்குப் போக வேண்டும். அதன் வடமேற்கில் சொனோரா என்று ஒரு மாநிலம். பாலைவனம். அங்கே யாக்கி ஆற்றில் அணைகட்டி, வாய்க்கால் வெட்டி, பாசனம் செய்கிற பெரிய சமவெளி யாக்கி பள்ளத்தாக்கு. நார்மன் போர்லாக் கோதுமையோடு மல்லுக்கட்டியது இங்கேதான்.

போர்லாக் 1944-ல் மெக்சிகோவுக்கு வந்தபோது வயலில் நின்றவை எல்லாம் உயரமான கோதுமைகள். அவற்றுக்கு உரம் போட்டால் என்ன ஆகும்? கதிர் கனக்கும், தண்டு இன்னும் நீளும், ஒரு காற்று அடித்தால் மொத்தப் பயிரும் பாய் விரித்த மாதிரி படுத்துவிடும். நம்ம ஊரில் ஐப்பசி மழையில் நெல் சாய்ந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதே கோலம். அதாவது, உரம் கையில் இருந்தும் அதைத் தாங்குகிற உடம்பு பயிருக்கு இல்லை.

அந்த உடம்பு ஜப்பானிலிருந்து வந்தது. 'நோரின் 10' என்று ஒரு குட்டைக் கோதுமை, 1935-ல் வெளியானது, இரண்டு அடிதான் உயரம். இரண்டாம் உலகப் போர் முடிந்து அமெரிக்கப் படை ஜப்பானில் இருந்தபோது, அதோடு போன சால்மன் என்ற வேளாண் விஞ்ஞானி 1946-ல் இதன் விதையை அமெரிக்காவுக்கு அனுப்பினார். அங்கே ஆர்வில் வோகல் அதை உள்ளூர் ரகத்தோடு கலந்தார். அந்த விதையில் கொஞ்சம் போர்லாக்கிடம் போய்ச் சேர்ந்தது. 1962-லிருந்து மெக்சிகோவில் குட்டை ரகங்கள் வரிசையாக வெளிவந்தன. உரம் போட்டாலும் சாயாத கோதுமை!

மீதி நமக்குத் தெரிந்த கதை. கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ்.சுவாமிநாதன் டெல்லியில் உட்கார்ந்துகொண்டு இந்த விதைகளுக்காகக் குரல் கொடுத்தார். 1966-ல் இந்தியா மெக்சிகோவிடமிருந்து 18,000 டன் விதைக் கோதுமை வாங்கியது. 'லெர்மா ரோஹோ', 'சொனோரா 64'. இதில் இரண்டாவது பெயரைக் கவனித்தீர்களா? அந்தப் பாலைவன மாநிலத்தின் பெயர்தான். பிறகு நம்ம ஊரிலேயே 'கல்யாண் சோனா', 'சோனாலிகா'. 1964-65-ல் 1.23 கோடி டன்னாக இருந்த இந்தியாவின் கோதுமை 1969-70-ல் 2 கோடி டன்னாக ஏறியது. போர்லாக்குக்கு 1970-ல் அமைதிக்கான நோபல் பரிசு.

'குட்டைக் கோதுமை உரம் தின்னி' - நிஜமா?

இங்கேதான் கேம்பஸ் விவாதங்களில் எப்போதும் ஒரு டயலாக் வரும். 'மச்சி, பசுமைப் புரட்சிக் கோதுமை உரம் இருந்தாத்தான் விளையும். பழைய ரகம்னா உரமே இல்லாம நல்லா விளைஞ்சுது தெரியுமா?' நானும் இதை ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன், மேடையிலும் பேசியிருக்கிறேன், கைதட்டல்கூட வாங்கியிருக்கிறேன். படித்துப் பார்த்தால் விஷயம் வேறு மாதிரி இருக்கிறது.

சிம்மிட் என்று ஒரு சர்வதேச மக்காச்சோள, கோதுமை ஆராய்ச்சி மையம் மெக்சிகோவில் இருக்கிறது. போர்லாக்கின் தாய்வீடு. அங்கே இவான் ஆர்டிஸ்-மொனாஸ்டேரியோவும் அவர் குழுவும், 1950-லிருந்து 1985 வரை வெளிவந்த கோதுமை ரகங்களை - பழைய நெட்டைகளையும் புதிய குட்டைகளையும் - அதே யாக்கி பள்ளத்தாக்கில் பக்கத்துப் பக்கத்தில் விதைத்தார்கள். ஹெக்டேருக்கு 0, 75, 150, 300 கிலோ என்று நாலு அளவில் நைட்ரஜன். ரிசல்ட் 1997-ல் வெளிவந்தது. 300 கிலோ போட்ட இடத்தில் புது ரகம் ஜெயித்ததில் ஆச்சரியம் இல்லை. ஒரு சிட்டிகை உரம்கூடப் போடாத இடத்திலும் புது ரகம்தான் ஜெயித்தது! நைட்ரஜனை உறிஞ்சுவதிலும் சரி, உறிஞ்சியதை மணியாக்குவதிலும் சரி, ரகம் புதிதாகப் புதிதாக மைலேஜ் கூடியிருந்தது.

காரணம் யோசித்தால் புரியும். நெட்டைக் கோதுமை தன் சம்பாத்தியத்தில் பெரும்பங்கை வைக்கோலுக்குச் செலவழிக்கிறது. குட்டை அதை மிச்சம்பிடித்துக் கதிருக்குக் கொடுக்கிறது. ஆக, 'உரம் தின்னி' என்பது தப்பு. சரியாகச் சொன்னால், குட்டை ரகம் உரத்தைத் தாங்கும். எவ்வளவு கொட்டினாலும் சாயாது. அதுவே வினையாகவும் போனது. நெட்டைப் பயிருக்கு உரம் அதிகமானால் பயிர் படுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். குட்டைப் பயிர் காட்டிக்கொடுக்காது, நிமிர்ந்தே நிற்கும். அதிகமாகப் போட்டது எங்கே போகிறது என்று வயலில் நிற்கிற விவசாயிக்குத் தெரியவே தெரியாது.

யாக்கி பள்ளத்தாக்கில் அதுதான் நடந்தது. 1990-களில் அங்கே விவசாயிகள் ஹெக்டேருக்கு 250 கிலோ நைட்ரஜன் போட்டார்கள். அதிலும் பெரும்பகுதி விதைக்கும் முன்பே. விதை முளைத்து, தூர் கட்டி, நிஜமாகப் பசி எடுக்கிற நேரம் வருவதற்குள் பாசனத் தண்ணீரோடு பாதி கிளம்பியிருக்கும். பமீலா மேட்சன், ரோசாமண்ட் நேய்லர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்களும் ஆர்டிஸ்-மொனாஸ்டேரியோவும் சேர்ந்து, அடியுரத்தைக் குறைத்து மேலுரமாகத் தாமதமாகப் போட்டுப் பார்த்தார்கள். விளைச்சல் குறையவில்லை, தரமும் குறையவில்லை, வயலிலிருந்து கிளம்பும் வாயு குறைந்தது, விவசாயிக்கு வரி போக மிஞ்சும் லாபத்தில் 12 முதல் 17 சதவீதம் அளவுக்குக் காசும் மிச்சம். 1998-ல் 'சயின்ஸ்' இதழில் இது வந்தது.

அப்புறம் எல்லாரும் மாறிட்டாங்கன்னு நினைக்கிறீங்களா? அவ்வளவு சீக்கிரம் இல்லை. மழை வந்து வயலுக்குள் இறங்க முடியாமல் போனால்? மேலுரம் போடுகிற நேரம் தப்பிப் போனால்? உரம் போட்டாகிவிட்டது என்ற நிம்மதிக்கு விவசாயி கொடுக்கிற விலை அது. பரீட்சைக்கு முதல் நாள் தேவையோ இல்லையோ ரெண்டு பேனா எக்ஸ்ட்ரா வாங்கி வைக்கிறோமே, அந்த மாதிரி. எனக்கு இதில் விவசாயியைக் குறை சொல்ல மனசு வரவில்லை.

கடல் மட்டும் கணக்கு வைத்திருந்தது. பள்ளத்தாக்கில் உரம் போட்டுத் தண்ணீர் பாய்ச்சிய சில நாட்களுக்குள், பக்கத்தில் இருக்கும் கலிஃபோர்னியா வளைகுடாவில் பச்சைப் பசேலென்று பாசி பெருகுவதை சாட்டிலைட் படங்களில் பார்த்து, மைக் பெமன் குழுவினர் 2005-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். வயலில் மேயாத நைட்ரஜன் கடலில் மேய்ந்துகொண்டிருந்தது.

பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வண்டி ஓட்டினால்...

குட்டை ரகம் நல்ல பிள்ளை என்று சர்டிபிகேட் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம் என்று பார்த்தால், கதையில் ஒரு ட்விஸ்ட்.

கோதுமையைக் குட்டையாக்கிய ஜீன் என்ன செய்கிறது என்பது 1999-ல்தான் தெரிந்தது. செடி உயரமாக வளர ஜிப்ரலின் என்ற ஹார்மோன் வேண்டும். செடிக்குள் டெல்லா என்று ஒரு புரதம் பிரேக் மாதிரி வளர்ச்சியை அமுக்கிப் பிடித்திருக்கும். ஜிப்ரலின் வந்தால் பிரேக் ரிலீஸ் ஆகும்; செடி வளரும். நோரின் 10-ன் ஜீனில் ஒரு சின்னப் பிழை. அதில் உருவாகும் பிரேக், ஜிப்ரலின் சொன்னாலும் கேட்காது. அதனால் செடி குட்டை. இவ்வளவு பெரிய புரட்சிக்குக் காரணம் ஒரு சொல்பேச்சு கேட்காத பிரேக்!

2018-ல் சீன அறிவியல் அகாதமியின் சியாங்டோங் ஃபூ குழுவினர் 'நேச்சர்' இதழில் அடுத்த குண்டைப் போட்டார்கள். அந்த பிரேக் உயரத்தை மட்டும் அமுக்கவில்லை. நைட்ரஜனை உறிஞ்சுகிற வேகத்தையும் சேர்த்தே அமுக்குகிறது. செடிக்குள் ஜிஆர்எஃப்4 என்று இன்னொரு புரதம் இருக்கிறது. இது ஆக்சிலரேட்டர். நைட்ரஜனை இழுக்கிற ஜீன்களை முடுக்கிவிடும். டெல்லாவும் இதுவும் எதிரெதிர்க் கட்சி. குட்டை ரகத்தில் டெல்லா கட்சிக்கு மெஜாரிட்டி. ஜிஆர்எஃப்4-ஐக் கூட்டிப் பார்த்தபோது நெல்லிலும் கோதுமையிலும் செடி குட்டையாகவே இருந்தது, ஆனால் நைட்ரஜனை அதிகமாக இழுத்தது. குறைந்த உரத்திலும் கூடுதலாக விளைந்தது.

அப்படியானால் 1997 ரிசல்ட் தப்பா? இல்லை. பழைய நெட்டையோடு ஒப்பிட்டால் குட்டையின் மைலேஜ் அதிகம்தான். வைக்கோலில் மிச்சம்பிடித்ததும், வருஷா வருஷம் நல்ல செடியாகப் பார்த்துப் பொறுக்கியதும் கைகொடுத்தன. ஆனால் அரைப் பிரேக்கைப் பிடித்தபடியே அவ்வளவு தூரம் ஓட்டியிருக்கிறோம். பிரேக்கை விட்டால் இன்னும் போகும் என்பதுதான் 2018-ன் சேதி. 2023-ல் இன்னொரு சீனக் குழு, இந்தப் பழைய குட்டை ஜீன் இல்லாமலேயே வேறு ஹார்மோன் வழியில் கோதுமையைக் குட்டையாக்கி, மைலேஜையும் கூட்டிக் காட்டியது. அறுபது வருஷமாக உலகக் கோதுமையில் பெரும்பாலானவற்றை ஆண்ட ஜீனுக்கு இப்போதுதான் போட்டியாளர் வந்திருக்கிறார்.

இலையில் தேங்கிய சம்பளம்

உறிஞ்சினால் மட்டும் போதாது. உறிஞ்சியது மணிக்குப் போக வேண்டும். கோதுமைச் செடி இளமையில் நைட்ரஜனை எல்லாம் இலையில்தான் சேர்த்து வைக்கும். பூத்த பிறகு இலை மெல்ல மஞ்சளாகும். அப்போது அந்தச் சேமிப்பு கதிருக்கு ஏறும். சீக்கிரம் பழுத்தால் புரதம் நன்றாக ஏறும், ஆனால் மாவுச்சத்து தயாரிக்க இலை இருக்காது. ரொம்ப நாள் பச்சையாக நின்றால் விளைச்சல் கூடலாம், ஆனால் புரத சதவீதம் இறங்கும். இந்தக் கயிறு இழுக்கும் போட்டிதான் கோதுமை விஞ்ஞானிகளின் தீராத தலைவலி. விளைச்சல் ஏற ஏறப் புரதம் நீர்த்துப்போகும். இங்கிலாந்தில் ரொட்டி ஆலைக்காரர்கள் 13 சதவீதப் புரதம் கேட்பார்கள். அந்த ஒரு சதவீதத்தை எட்டுவதற்காகவே விவசாயி கடைசியில் இன்னொரு தவணை நைட்ரஜன் போடுவார்.

இதற்கு ஒரு காட்டுச் சொந்தக்காரர் உதவிக்கு வந்தார். இஸ்ரேல் பக்கத்து மலைகளில் தானாக வளரும் காட்டு எம்மர் கோதுமை. நம்ம வீட்டில் உப்புமாவும் கஞ்சியும் செய்கிற அசல் சம்பா கோதுமை இருக்கிறதே, அதன் கொள்ளுப்பாட்டி! இந்தக் கொள்ளுப்பாட்டியிடம் இலையிலிருந்து நைட்ரஜனையும் இரும்பு, துத்தநாகத்தையும் விரட்டி விரட்டிக் கதிருக்கு அனுப்புகிற ஒரு ஜீன் இருப்பதை, கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஹோர்ஹே டுப்கோவ்ஸ்கி குழுவினர் 2006-ல் கண்டுபிடித்தார்கள். இன்றைய கோதுமைகளில் பெரும்பாலானவற்றில் அந்த ஜீன் செத்துப்போய்க் கிடக்கிறது. ஆயிரக்கணக்கான வருஷம் வயலில் வைத்து வளர்த்ததில் எங்கேயோ தொலைத்துவிட்டோம். குடும்பத்தின் ஜீன்களை அடக்கிப் பார்த்தபோது, செடி மூன்று வாரத்துக்கும் மேல் தாமதமாகப் பழுத்தது. மணியில் புரதமும் இரும்பும் துத்தநாகமும் 30 சதவீதத்துக்கு மேல் குறைந்தன. இலை நிறைய சம்பளம் வாங்கியும் வீட்டுக்குப் பணம் அனுப்பாத கதை!

கடற்கரைப் புல் கொடுத்த கை

என்னைக் கேட்டால், இந்தப் பட்டியலில் செம ஐடியா இதுதான். மேலே சொன்ன பாக்டீரியா ஞாபகம் இருக்கிறதா? அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றுகிற ஆசாமி. அம்மோனியம் மண் துகளில் ஒட்டிக்கொள்ளும், ஓடாது. நைட்ரேட்தான் ஓடுகாலி. ஆக, அந்த பாக்டீரியாவைக் கொஞ்சம் தூங்க வைத்தால் நைட்ரஜன் வேருக்குப் பக்கத்திலேயே இருக்கும். மருந்து அடித்துத் தூங்க வைக்கலாம், செலவு. செடியே தன் வேர் வழியாக அந்த மருந்தைச் சுரந்தால்?

சுரக்கிற செடிகள் இருக்கின்றன. ஜப்பானின் ஜிர்காஸ் ஆராய்ச்சி மையத்தில் பணியாற்றிய சுப்பாராவும் குழுவினரும் பல வருஷம் இதன் பின்னாலேயே அலைந்தார்கள். கோதுமைக்குத் தூரத்து உறவான, கடற்கரை மணல்மேட்டில் வளரும் லைமஸ் ரேசிமோசஸ் என்ற காட்டுப்புல்லுக்கு இந்தத் திறமை ஜோராக இருந்தது. அதன் ஒரு குரோமோசோமின் ஒரு கையை மட்டும், மரபணு மாற்றம் எதுவும் இல்லாமல், வழக்கமான கலப்பின முறையிலேயே கோதுமைக்குள் கொண்டுவந்தார்கள். சிம்மிட் உருவாக்கிய 'முனால்' என்ற நல்ல ரகத்தில் அதை ஏற்றி, 2021-ல் அமெரிக்க தேசிய அறிவியல் அகாதமியின் இதழில் வெளியிட்டார்கள். பாக்டீரியாவின் வேகம் குறைந்தது, நைட்ரஸ் ஆக்சைடு குறைந்தது, குறைவாக உரம் போட்ட வயலில் விளைச்சல் கூடியது, புரதமும் அடிவாங்கவில்லை. கங்கைச் சமவெளியில் இதைப் பரிசோதிக்க ஜப்பானியர்களோடு இந்திய ஆராய்ச்சி நிலையங்களும் கைகோத்திருக்கின்றன. ஒவ்வொரு மண்ணிலும் இது எப்படி வேலை செய்யும் என்பதை வயல்தான் சொல்ல வேண்டும். ஜப்பானில் பாஸான மாணவன் பஞ்சாபிலும் பாஸாக வேண்டும் என்று கட்டாயம் இல்லையே!

பஞ்சாப் என்றதும் ஒரு விஷயம். அங்கே நெல்லுக்கும் கோதுமைக்கும் இலை வண்ண அட்டையை வைத்து யூரியா போடச் சொல்லி பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொடுக்கிறது. நம்ம ஊர் நெல் வயல்களிலும் இந்த அட்டை உண்டு. பச்சை நிற ஷேடு போட்ட சின்ன பிளாஸ்டிக் ஸ்கேல். இலையை அதன் மேல் வைத்துப் பார்த்து, வெளுத்திருந்தால் மட்டும் யூரியா போட வேண்டும். ஓக்லஹாமாக்காரர்கள் இதையே சென்சார் கருவியாக்கி, 'கிரீன்சீக்கர்' என்று பெயர் வைத்து யாக்கி பள்ளத்தாக்கு வரை கொண்டுபோனார்கள்.

ரெண்டு பைசா

இவ்வளவு ஜீன், இவ்வளவு கருவி இருந்தும் ஏன் இன்னும் ஸ்பூன் யூரியா கணக்கு மாறவில்லை? ஒரு காரணம் ஆராய்ச்சி நிலையத்துக்குள்ளேயே இருக்கிறது. நம் நாட்டில் புது ரகங்களைச் சோதிக்கும் வயல்களுக்குப் பெரும்பாலும் சிபாரிசு செய்த முழு உரமும் போடப்படும். நீர்ப்பாசனக் கோதுமைக்கு அது நீண்ட காலம் ஹெக்டேருக்கு 120 கிலோ வாக்கில் நைட்ரஜன். எல்லாருக்கும் வயிறு நிறையச் சாப்பாடு போட்டுவிட்டு ஓட்டப்பந்தயம் வைத்தால், பட்டினியிலும் ஓடக்கூடியவன் யார் என்று எப்படித் தெரியும்? 60 கிலோவில் பிரமாதமாக விளைந்திருக்கக்கூடிய ஏதோ ஒரு செடி, 120 கிலோ வயலில் நாலாவதாக வந்து கழிக்கப்பட்டிருக்கும். குறைந்த உரத்திலும் ஒரு ட்ராக் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று இப்போது பல ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். வேளாண் கல்லூரியில் பிஜி ப்ராஜெக்ட் தேடிக்கொண்டிருப்பவர்கள் கவனிக்க.

இன்னொரு காரணம் கடைத்தெருவில். 45 கிலோ யூரியா மூட்டையின் விலை, வேப்பெண்ணெய்ப் பூச்சுச் செலவும் வரியும் போக, 242 ரூபாய். அதன் உண்மையான விலை பல மடங்கு. மிச்சத்தை மானியமாக அரசு கட்டுகிறது. யூரியா செய்ய இயற்கை எரிவாயு வேண்டும். அதில் பெரும்பகுதி கப்பலில் வருகிறது. 2022-ல் உக்ரைன் போர் மூண்டபோது உலகச் சந்தையில் உர விலை எகிறியது. ஆனால் வயலில் நிற்பவருக்கு மூட்டை அதே விலைதான். அதனால் அவர் தப்பித்தார், சந்தோஷம். ஆனால் அதே காரணத்தால், 'இந்த விதை யூரியாவை மிச்சப்படுத்தும்' என்று சொல்லி அவரிடம் ஒரு புது விதையை விற்க முடியாது. கிலோவுக்குக் கிலோ, விதைக் கோதுமையின் விலை யூரியாவைவிடப் பல மடங்கு.

முதலில் போட்ட கணக்கை முடித்துவிடுவோம். மூட்டை 242 ரூபாய் என்றால், உங்கள் சப்பாத்திக்காக வயலில் விழுந்த அந்த ஸ்பூன் யூரியாவின் விலை ரெண்டு பைசாவுக்குக் கொஞ்சம் மேலே. அதில் தட்டுக்கு வந்து சேராதது ஒன்றரை பைசா. ஒன்றரை பைசாவுக்கு யார் கவலைப்படுவார்கள், சொல்லுங்க? மாஸ்டரிடம் அஞ்சாவது சப்பாத்தி கேட்டுவிட்டு வருகிறேன்.